நீ கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சுகம் என்று நான் எழுதுவது உடம்பை மட்டும். இடது கால் இப்போது செருப்புக்குள் நுழைகிறது, கைத்தடி இல்லாமல் கடை வரைக்கும் போய் வருகிறேன், நன்றாகப் பசிக்கிறது. ஆனால் மனசு கொதிக்கிறது. மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அம்மா, போன்ல பேசிட்டா முடிஞ்சுது, எதுக்குக் காகிதத்தைப் பாழாக்குறீங்க என்றாள். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதமென்றால் பாதியில் தூக்கிப் போட்டாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம் பார், அதனால் எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். கூடத்துச் சுவரில் ஈரம் ஏறி நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின போட்டோவைக் கழற்றி வைக்கும்படி ஆயிற்று, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. உன் தங்கைதான் தான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையிலேயே அளவெடுத்து லென்ஸ் போட்டுக் கொடுத்தாள். இப்போது அம்மாவுக்கு என் சட்டைக் காலரில் இருக்கிற அழுக்கெல்லாம் தெளிவாகத் தெரிகிறது, என் நிம்மதி போயிற்று. கடையைத் திறந்துவிட்டேன். நான் படுத்திருந்த மூன்று மாதத்தில் பழுதாகிற தராசுகள் காத்திருக்குமா, எல்லாம் வந்து குவிந்து கிடக்கின்றன. மருந்துக் கடைக்காரருடையது தட்டில் ஒன்றும் இல்லாதபோதே நாலு கிராம் காட்டுகிறது, அவரோ அது ஆறு மாசமா அப்படித்தான், எனக்குப் பழகிடுச்சு என்கிறார். கிடங்குகளுக்குப் போய் இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்துச் சோதிக்கிற வேலையை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு தடவை காலில் போட்டுக்கொண்டது ஆயுசுக்கும் போதும். மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்று எழுதியிருந்தாய், நாற்காலியில் சாய்கிற இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சபையில் பெண்களெல்லாம் ஆளுக்கொரு தாள் வைத்துக்கொண்டு அன்பு, சமாதானம், பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் என்று ஒன்பது குணத்துக்கும் ஜனவரியில் ஒரு மார்க், ஜூனில் ஒரு மார்க் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்கிறீர்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கிறிஸ்தவன் என்று பெயர் வைத்துக்கொண்டால் போதாது, குணம் வளர்கிறதா என்று வருஷத்துக்கு நடுவிலாவது ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும் என்று நானே போதகரிடம் சொல்லி இங்கேயும் அந்தத் தாளை அச்சடிக்க வைத்தேன். ஒரே ஒரு மாற்றம் செய்தோம், நம் தாளில் மார்க் போடுவது நாமில்லை, வீட்டில் இருக்கிற இன்னொருவர். உன் அம்மா எனக்குப் பொறுமையில் பத்துக்கு இரண்டு போட்டாள். அந்த இரண்டும் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த இரண்டு நாளுக்காம். போதகர் சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்த தாளெல்லாம் பறந்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் அந்த மார்க் சரி. ஒரு தராசு தன்னைத்தானே நிறுத்துப் பார்த்து நான் சரியாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னால் எந்த ஊரிலாவது முத்திரை வைப்பார்களா? வெளியிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

உங்கள் சபைப் பத்திரிகையில், ஆண்டவர் உன்னில் செய்ததைச் சொல்லி நீ எழுதிய சாட்சி வந்திருக்கிறது என்று பக்கத்தை மடித்து அனுப்பியிருந்தாய் அல்லவா, அது வந்த அன்று கடையில் வைத்தே பிரித்தேன். அதில் முதல் அரைப் பக்கம் முழுக்க என்னைப் பற்றித்தான். அப்பா ஒரு கிராம் கூடக் குறையக் கூடாது என்பார், அந்த நேர்மைதான் எனக்குக் கிடைத்த முதல் வேதபாடம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். கண் கலங்கிவிட்டது. நான் செய்த தப்பை இங்கேயே எழுதிவிடுகிறேன். என்னைப் புகழ்ந்த இடம் முடிந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். மீதியைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய், நம்முடைய அரையாண்டுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசிக்க வேண்டும் என்று போதகரிடம் கொடுத்தேன். யார் வாசிப்பது? நம் சபையில் வாசிப்பு என்றால் உன் தங்கைதான், அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அக்கா எழுதினதுப்பா, நானே வாசிக்கிறேன் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். முன்கூட்டிப் படித்துப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை. அக்கா எழுதியதைச் சந்தேகப்பட்டுப் படிக்கிற பழக்கம் அவளுக்கு ஏது?

கூட்டத்துக்கு நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். என்னைப் பற்றிய பகுதியை அவள் வாசிக்கும்போது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வந்தது. பிப்ரவரி மாதத்தில் எனக்கு மிக நெருங்கிய ஒரு நபர் காரணமே இல்லாமல் போனில் என்மீது கடுமையான வார்த்தைகளை வீசினார், பழைய நானாக இருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன், ஆனால் நான் நாவை அடக்கி, போனை வைத்துவிட்டு முழங்கால் போட்டேன், ஏப்ரலில் அந்த நபரை முழுமையாக மன்னித்துவிட்டேன், ஜனவரியில் நாலாக இருந்த என் இச்சையடக்கம் இன்று எட்டு. இதைத்தானே எழுதியிருந்தாய். போன் என்ற இடத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் அதே குரலில், ஒரு சொல்லும் விடாமல், அந்த எட்டு வரைக்கும் வாசித்து முடித்தாள். சிலர் ஆமென் சொன்னார்கள். பிப்ரவரியில் என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தது யார், போனில் யார் யாரிடம் கத்தினார்கள் என்பது தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் போதகர் மேஜையில் வைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். எனக்கு அங்கேயே எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவதென்றுதான் தெரியவில்லை.

உன் தங்கையை நபர் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நபர் என்பது போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற சொல். அவள் காலுக்கு ஷூ கயிறு கட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நீ. காரணமே இல்லாமல் என்றும் எழுதியிருக்கிறாயே, காரணம் என்னவென்று கேட்டாயா? எனக்குக் காலில் சீழ் பிடித்து, விரலோடு போகுமா பாதத்தோடு போகுமா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மூன்று நாளாக அவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கினாள். கடை முதலாளி இன்னும் ஒரு நாள் லீவு போட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை ஓடவில்லை. அந்தக் காலை நேரத்தில்தான் உனக்குப் போன் செய்து, அக்கா, நீ ஜெபம் பண்ணு, வேணாங்கல, ஆனா ஒரு வாரம் வந்து என் பக்கத்துல நில்லு என்றாள். நீ, அப்பாவே வரவேண்டாம்னு சொல்றாரு, நீ ஏன் ஊதிப் பெருசாக்குற என்றாய். அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள். தடித்த வார்த்தைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. நீ வைத்துவிட்டாய். தங்கை அழுதுகொண்டு கூப்பிடும்போது போனை வைத்ததற்கு இச்சையடக்கம் என்று பெயர் சூட்டி அதற்கு எட்டு மார்க்கும் போட்டுக்கொண்டாய். முழங்கால் போட்டாயே, அந்த முழங்காலில் இருந்து எழுந்ததும் அவளை ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா? நீ அவளை மன்னித்த விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவளுக்கே தெரிகிறது.

இப்போது நான்கு வாரமாக அவள் சபைக்கு வருவதில்லை. வாசிப்புக்கு வேறு ஆள் வைத்திருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் காதில் விழவில்லை. நான் அவள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன், மிரட்டினேன், கெஞ்சவும் செய்தேன். கோபம் இல்லப்பா, அங்க போய் உட்கார்ந்தா அக்காவோட பொறுமைக்கு நான்தான் பாடப்புத்தகம்னு தோணுது, ஜெபம் பண்ணக் கண்ணை மூடினா அந்தப் பத்திரிகைப் பக்கம்தான் தெரியுது என்றாள். பிறகு மெதுவாக, குணம் வளர்றதுன்னா இதுதான்னா எனக்கு வேணாம்ப்பா என்றாள். சின்ன வயதிலிருந்து ஒரு ஞாயிறு தவறாதவள். மகளே, கால் போயிருந்தாலும் ஒரு கட்டையை வைத்து நடந்திருப்பேன், இவள் விசுவாசத்தை விட்டுப் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

கோபத்தை இவ்வளவு கொட்டிவிட்டு என் பங்கை மறைத்தால், நீ எழுதின அந்த நேர்மை மண்ணோடு போகும். அப்பாவே வரவேண்டாம் என்று சொன்னார் என்றாயே, அது பொய்யில்லை. சின்னக் காயம், இரண்டு தையல், நீ உன் வேலையைப் பார் என்று நான்தான் உனக்குப் போனில் சொன்னேன். பாதம் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மாவையும் சொல்லக் கூடாது என்று அதட்டி வைத்தேன். தூரத்தில் இருக்கிற பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், உன்னிடம் நான் அழுது நீ கேட்டுவிடக் கூடாது என்கிற வீம்பு. சின்னக் காயம் என்று நான் உனக்குச் சொன்னது உன் தங்கைக்குத் தெரியாது, டாக்டர் சொன்னது உனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் இரண்டு எடை காட்டினேன், நாற்பது வருஷம் தராசு பார்த்தவன். அம்மா போட்ட தாளில் உண்மைக்கு ஒரு கட்டம் இல்லை, இருந்திருந்தால் நான் கேட்காமலே பூஜ்யம் போட்டிருப்பேன்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது இதை அவளிடம் சொல்லிவிட்டேன். சட்டையை முழுக்கத் தேய்த்து மடித்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள். அப்போ எங்க ரெண்டு பேரையும் முட்ட விட்டது நீங்கதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போன ஞாயிறு சபையிலும் எழுந்து நின்று, அந்தப் பக்கத்தில் வந்த ஆள் என் இளைய மகள், என் புண்ணைக் கழுவிக் கட்டினவள், அவளுடைய கத்தலுக்குக் காரணம் என் பொய் என்று சொன்னேன். அவள் அன்றைக்கும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா சொல்லிக் கேட்டுவிட்டு, நீங்க சொன்னதுல எனக்குப் பாதிதான் ஆறுச்சுப்பா, மீதி அவகிட்ட இருக்கு என்றாள். என்ன செய்யச் சொல்லட்டும் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் என்பாள் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. மொதல்ல அவ குடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லுங்க, நான் கேக்காததை என் தலையில கட்டிட்டா, அதை எடுத்துட்டுப் போனா நான் பழையபடி அவ தங்கச்சி, அப்புறம் அவ திட்டட்டும், நானும் திட்டுறேன் என்றாள். சொல்லும்போது அழுதாள், ஆறு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆகவே இதைச் செய். உங்கள் பத்திரிகைக்கு எழுதி, அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில், நான் மன்னித்தது தப்பு, எனக்கு மன்னிக்க ஒன்றும் இல்லை, தங்கை உதவி கேட்டபோது போனை வைத்தேன் என்று போடச் சொல். அந்த எட்டையும் அடித்துவிடு. வெட்கமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, சாகவில்லை. வருஷம் இன்னும் பாதி மீதி இருக்கிறது. நீ கெட்டவள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, நல்லவளாக வேண்டும் என்கிற அவசரத்தில் வீட்டு ஆளை மிதித்துவிட்டுப் போய்விட்டாய், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. உன் மேல் பிரியம் இல்லாவிட்டால் நான்கு தாள் எழுதுவேனா?

தண்ணீர் நிறையக் குடி, புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிக்கப் பேரனை விடாதே, சின்னவள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள், அவனுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டுமாம். ஆண்டவர் உன் வீட்டையும் உன் கைகளின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக, உன் வாயையும் என் வாயையும் காப்பாராக. அம்மா தன் முத்தத்தையும், கடிதத்தில் காரம் அதிகம் என்கிற குறிப்பையும் சேர்த்து அனுப்பச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அவள் நம் வீட்டில்தான் இருப்பாள். அந்த நேரத்தில் கூப்பிடு. நானும் எடுக்க மாட்டேன், அம்மாவும் எடுக்க மாட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தால் கடைசியில் அவள் எடுப்பாள். எடுத்ததும் கத்துவாள். கத்தட்டும், நீ குறுக்கே பேசாதே. அவள் வைக்கிற வரைக்கும் நீ போனை வைக்காதே.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாகவும் உன்னை நம்பியும் இருக்கிற
அப்பா