இரண்டு டெலிபோன், ஒரே கம்பி

திண்டிவனம்,
16-2-1986

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அத்தை, மாமா, புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி உட்பட எல்லோரும் சுகம். நானும் சுகந்தான், கோபம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. ‘மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்தைப் போட்டுத் தொலை, அதில் என்ன குறைந்துவிடப் போகிறது’ என்று நீங்கள் எழுதியது வெள்ளிக்கிழமை வந்தது. என்ன குறைந்துவிடும் என்று எழுதத்தான் இன்று லீவில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் தம்பி வீரசேனன் எழுதியதை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். நான் சொல்வதையும் கேளுங்கள்.

விழுப்புரம் பொருட்காட்சியில் எங்கள் ஆபீஸ் ஸ்டால் போட்டது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறது. இனிமேல் என்னைப் போன்ற ஆப்பரேட்டரிடம் கேட்காமல் ஜனங்களே நம்பரைச் சுழற்றிப் பேச வேண்டும். அதைப் பழக்கிக் காட்டத்தான் ஸ்டால். அதிகாரி போட்டிருந்த திட்டம் என்ன தெரியுமா? கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டெலிபோன், சுவரில் நாலு படம், ‘தொடாதீர்கள்’ என்று ஒரு போர்டு. தொடக் கூடாத டெலிபோனை வைத்து யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பது, அது என்ன சாமி சிலையா என்று கேட்டுவிட்டேன். அப்படியானால் நீயே செய்து காட்டும்மா என்றார், என்னால் ஆகாது என்ற நம்பிக்கையில்.

செய்து காட்டினேன். டெக்னீஷியன் மாசிலாமணி அண்ணன் ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த பழைய செலக்டர் ஒன்றைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தார். நம்பரைச் சுழற்றினால் டக்டக்கென்று மேலே ஏறி, அப்புறம் பக்கவாட்டில் திரும்பி, எதிர் டெலிபோனைப் பிடிக்கிற இயந்திரம் அது. அதை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் வைத்தோம். இந்தப் பக்கம் ஒரு டெலிபோன், நம்பர் 21. அந்தப் பக்கம் ஒன்று, 24. முதல் நாள் ஒரே பேஜாராகிப் போனது. பாதிப் பேர் ரிசீவரை எடுத்து, பேச வேண்டிய கடையின் பெயரைச் சொல்லிவிட்டு, ஆப்பரேட்டர் லைன் கொடுப்பாள் என்று நின்றுகொண்டே இருந்தார்கள். கண்டமங்கலத்துக்காரர் ஒருவர், எதிர்ல நிக்கிறவன் பேசறது நேராவே கேக்குதே, இதுக்கு எதுக்கும்மா ஒயரு என்றார். அவர் கேட்டது நியாயம். மறுநாளே நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்து, இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாதபடி செய்தேன். சுழற்ற வேண்டிய நம்பரை டயலுக்கு மேலே பெரிதாக எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராட்டினக்காரன் என்னைப் பார்த்து முறைத்தான்.

நாலாம் நாள் பொருட்காட்சிக் கமிட்டியில் இருக்கிற அரிசி மில்காரர் வந்தார். காலனிக்காரங்க எச்சில் பட்ட ரிசீவர்ல நாங்க எப்படி வாய் வெக்கிறது, டீக்கடையில ரெண்டு கிளாஸ் வெக்கலையா, அது மாதிரி 21 அவங்களுக்கு, 24 நமக்குன்னு பிரிச்சு வெச்சுடுங்க என்றார். அதிகாரி தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தோடு சிரிப்பும் வந்தது. இருப்பதே இரண்டு டெலிபோன். 24-ல் நிற்கிறவர் யாரோடு பேசுவாராம்? இரண்டு பெரிய மனிதர்களுக்கும் அது உறைக்கவில்லை. நானும் அதை எடுத்துச் சொல்லாமல் சரிங்க என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மில்காரர் குடும்பத்தோடு வந்து 24-ல் நின்று சுழற்றினார். அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான்தான் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தேன். பெயர் வீரம்மாள். எதிரே இருப்பது ஆபீஸ் ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, மில்காரர் குரலில் தேன் ஒழுகியது. வணக்கம்மா, எந்த ஊருங்க என்றார். பக்கந்தாங்க என்றாள். உங்க பக்கம் மல்லாட்டை வெளைச்சல் எப்படிங்க என்றார். தண்ணி பத்தலைங்க, பாதிக் கடலை பருப்பில்லாம பொக்காப் போச்சுங்க என்றாள். இப்படியே ஐந்து நிமிஷம். இந்தம்மா எவ்ளோ வெவரமாப் பேசறாங்க பாரு என்று சம்சாரத்திடம் மெச்சிக்கொண்டே, நேரில் ஒரு கும்பிடு போடலாமென்று தடுப்பைச் சுற்றி வந்தார்.

வந்து பார்த்தால், அவர் மில் களத்திலேயே ஆறு வருஷமாக நெல் காயவைக்கிறவள். எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவருக்கே அவள் குரல் தெரிந்திருக்கவில்லையே அத்தான்! அவளுக்கு அவர் குரல் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். மொத தடவையா எங்கிட்ட மரியாதையாப் பேசினாரு, கொஞ்ச நேரம் கேட்டுக்கினு இருந்தேம்மா என்றாள்.

அப்புறம் நடந்ததை உங்கள் தம்பி எழுதியிருப்பார். மறுநாளிலிருந்து வீரம்மாளுக்கு மில்லில் வேலை இல்லை. எனக்கு மெமோ. மன்னிப்புக் கடிதத்தையும் அதிகாரியே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் தம்பி எழுதாமல் விட்டார். ‘மேற்படி பெண் என் அனுமதியின்றி ஸ்டாலுக்குள் நுழைந்து டெலிபோனை எடுத்துவிட்டார்’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டால், நீங்கள் இருக்கிற பம்பாய்க்கே மாற்றல் கேட்டு நான் கொடுத்த மனு மேலே போகும். போடாவிட்டால் அவர் மேஜையிலேயே மக்கிப் போகும்.

நான் கூப்பிட்டு வந்தவளை, எந்த முனையைக் காதில் வைப்பது என்று நானே காட்டிக்கொடுத்தவளை, திருட்டுத்தனமாக நுழைந்தாள் என்று எழுத என் கை வராது. விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டால் பூச்சி செத்துவிடும் என்று பொழுதோடு சாப்பிட்டு முடிக்கிற சமணக் குடும்பம் நம்முடையது. பூச்சிக்குப் பார்க்கிறோம், வீரம்மாளுக்குப் பார்க்க வேண்டாமா? அத்தையிடம் இதையே கேட்டேன். மறுநாள் காலையில் இரண்டு டப்பாவில் சோறு கட்டி வைத்திருந்தார். ஒன்று அந்தப் பெண்ணுக்கு என்றார்.

நாளை திங்கட்கிழமை என் பதிலைக் கொடுக்கப் போகிறேன். அந்தப் பெண்ணை அழைத்தது நான், ரிசீவரைக் கொடுத்ததும் நான், அதற்காக வருந்தவில்லை என்று எழுதியிருக்கிறேன். டெலிபோனை இரண்டு ஜாதியாகப் பிரித்தபோது சரிங்க என்று சொன்னேனே, அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதுவும் வீரம்மாளிடம்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் இருந்ததில்லை. பம்பாய் ரூம் ஜன்னலுக்கு நீங்கள் எழுதிய அளவில் துணி தைத்து, மடித்து வைத்திருக்கிறேன். உங்களோடு வந்து இருக்க ஆசை இல்லாதவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அதை என்னால் தாங்க முடியாது. வேளைக்குச் சாப்பிடுங்கள். மின்சார ரயிலில் கதவோரம் நிற்காதீர்கள். எத்தனை வருஷமானாலும் நான் காத்திருப்பேன். எப்படிப்பட்டவருக்காகக் காத்திருக்கிறேன் என்பதை மட்டும், நன்றாக யோசித்து, பதில் எழுதுங்கள்.

என்றும் தங்கள்,
ஞானமதி