ஞாயிறு மட்டும்

பருத்திப்பட்டு, ஆவடி
2 பிப்ரவரி 2025

மரியே வாழ்க.

அன்பு மகள் ரெனிதாவுக்கு அப்பா பாஸ்கல் எழுதுவது. நான் நலம். பெங்களூரில் நீயும் நலமாக இருக்க மாதா துணை செய்வாள்.

இதை எழுதுவது நானேதான். நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. எழுபது வயதில் என் முதல் கடிதம். புதன்கிழமை ஆரம்பித்தேன். இன்று ஞாயிறு. நடுவில் இரண்டு காகிதம் கிழிந்துபோனது. பேனாவை அழுத்துகிறேன் என்று ஞானம்மாள் டீச்சர் திட்டுகிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் இரும்பு தூக்கிய கை, மெதுவாகப் பிடி என்றால் கேட்குமா?

கோயில் மண்டபத்தில் சாயங்கால வகுப்பு. போன வாரம் 'ஞ' வந்தது. "இந்த எழுத்துக்கு இன்னா டீச்சர் வேலை? இதை வச்சி ஒரு சொல்லும் காணோமே" என்று கேட்டேன். "என் பேரை எழுத வேணாமா பெரியவரே? ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர வேணாமா?" என்றார். எனக்குப் பிடித்த எழுத்து இப்போது அதுதான். சுழித்துச் சுழித்துப் போடும்போது கோலம் போடுவதுபோல இருக்கிறது.

நேற்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் வந்தது. பூந்தமல்லி என்று போட்டிருந்தது. யாரையும் கேட்காமல் ஏறினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இத்தனை வருடம் யார் எதைப் படிக்கச் சொன்னாலும் "கண்ணாடி எடுத்தார மறந்துட்டேன்" என்று சொல்லியே தப்பித்தவன் நான். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

கொச்சியில் கான்ஃபரன்ஸ் என்று போனில் சொன்னாய். மகள் கன்வென்ஷனில், அதான் சுவிசேஷக் கூட்டத்தில், பேசப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவிடம் சொன்னேன். "இன்னா நைனா சொல்ற, பாப்பா ஊழியத்துக்குப் பூட்சா? அப்போ கம்ப்யூட்டர் வேலை?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். அங்கே தங்கள் வாழ்க்கையில் நடந்ததை மேடையேறிச் சொல்வார்களே, நீயும் அப்படிச் சாட்சிதான் சொல்கிறாயா அம்மா? என்ன சாட்சி?

போனில் பேசாதே. கடிதம் எழுது. பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
ம. பாஸ்கல்


பெங்களூர்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன். 'ஞா' என்னுடையதைவிட அழகாக இருக்கிறது.

ஊழியத்துக்கெல்லாம் போகவில்லை என்று பொன்னியம்மா அக்காவிடம் சொல்லுங்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் வருடம் ஒருமுறை கூடுவார்கள். மதுரை, கோவை, விஜயவாடா, கொச்சி. ஒரு கல்லூரி மண்டபம், கழுத்தில் பெயர் அட்டை, ஆறிப்போன சமோசா. ஒருவர் மாற்றி ஒருவர் மேடையேறி, தான் செய்ததைச் சொல்வோம். மருந்து அட்டையைப் போனில் படம் எடுத்தால், அதில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற செயலி என்னுடையது. அதைப் பற்றித்தான் பேசுகிறேன். எல்லாம் ஆங்கிலத்தில். உங்களுக்குச் சலிப்பாக இருக்கும்.

சாட்சி இல்லை அப்பா. வெறும் பேச்சு.

சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்பு மகள்,
ரெனிதா


பருத்திப்பட்டு
9 மார்ச் 2025

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் கடிதத்தை இரண்டு நாளில் படித்து முடித்தேன். சலிப்பாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். நீ பேசி எனக்கு எப்போது சலித்தது? நாலு வயதில் நீ பேச ஆரம்பித்தால் உன் அம்மாதான் காதைப் பொத்திக்கொள்வாள்.

இப்போது நான் வீட்டில் உள்ளதையெல்லாம் படிக்கிறேன். அரிசி மூட்டை, தீப்பெட்டி, கரண்ட் பில், எங்கள் கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் உன் தாத்தா பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருடம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. கல்லறைக்குப் போய் உன் அம்மாவின் கல்லையும் படித்தேன். அருள்செல்வி. எழுத்துக்கூட்டிப் படித்தபோது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

ஒன்று கேட்கிறேன். அம்மாவின் மாத்திரை டப்பா இரண்டையும் ஞாபகத்துக்கு என்று நீ எடுத்துப் போனாய். நீல மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று. அவற்றின் மேல் நீ ஏதோ எழுதி ஒட்டியிருந்தாய். அதை அனுப்பி வை. அன்றைக்குப் படிக்கத் தெரியாதவன், இன்றைக்குப் படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நீ ஐதராபாத் போயிருந்த பன்னிரண்டு நாளும் நான்தான் என் கையால் கொடுத்தேன். நீல மூடியிலிருந்து தினமும் காலையில் ஒன்று. சிவப்பு மூடியிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒன்று. ஒரு நாள் தவறவில்லை. அப்படியும் அவள் ரத்தத்தில் எந்தக் கிருமி புகுந்ததோ, நம்மை விட்டுப் போய்விட்டாள்.

வகுப்பில் எனக்குச் சிநேகிதர் கோவிந்தராஜ். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி வாட்ச்மேன். எழுத்துக்கூட்டுவதில் எனக்கும் அவருக்கும் போட்டி. நான்தான் முன்னால்.

இப்படிக்கு உன் அப்பா,
ம. பாஸ்கல்


பெங்களூர்
24 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

அந்த டப்பாக்கள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன. அதில் பெரிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பழையதையெல்லாம் தேடித் தேடிப் படிக்காதீர்கள். புதிய கதைப் புத்தகங்கள் சில அனுப்பியிருக்கிறேன். பெரிய எழுத்து, படங்களும் உண்டு.

ஏப்ரலில் எங்கும் போகவில்லை. ஈஸ்டருக்கு வீட்டுக்கு வருகிறேன்.

அன்பு மகள்,
ரெனிதா


பெங்களூர்
14 ஏப்ரல் 2025

அப்பா,

சனிக்கிழமை நான் பேசி முடித்ததும் ஒரு பெண் வந்து, "அக்கா, உங்க அப்பா வந்திருந்தாரே, பாத்தீங்களா? கடைசி வரிசையில இருந்தாரு" என்றாள். நாற்காலியில் நீங்கள் விட்டுப் போன பெயர் அட்டையைக் கொடுத்தாள். பாஸ்கல் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். எழுத்து அட்டையின் பின்பக்கம்வரை அழுந்தியிருந்தது.

நேராக ஆவடிக்கு வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "தலைவலின்னு படுத்துகினு கீறாரு பாப்பா, எழுப்பாத" என்று பொன்னியம்மா அக்கா சொன்னார். நீங்கள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு போனையும் எடுக்கவில்லை.

ஏப்ரலில் எங்கும் போகவில்லை என்று எழுதியது பொய். டப்பாக்கள் தொலைந்தன என்றதும் பொய். முதல் முறையாகத் தமிழில் பேசக் கூப்பிட்டார்கள். அதுவும் நம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை. மருத்துவர் என்னிடம் மட்டும் சொன்னார். மூட்டு வலிக்கான அந்த மாத்திரையை வாரத்துக்கு ஒன்று போட வேண்டும். தினமும் போட்டால் விஷம். தினமும் போட வேண்டியது சத்து மாத்திரை. இரண்டுமே சின்னதாக, மஞ்சளாக இருக்கும். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். மதுரையில் மேடையேறியபோது வாயில் வந்துவிட்டது. கூட்டம் அப்படியே அடங்கியது. அதன் பிறகு எந்த ஊர்க்காரர்கள் கூப்பிட்டாலும் "அந்த டப்பா கதையைச் சொல்லுங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்த அப்பா வேறு யாரோ என்று தோன்றும். தமிழில் 'எங்கப்பா' என்று ஆரம்பித்ததும் அது நீங்களேதான்.

நான் மேடையில் சொன்னதைத்தான் நம்புகிறேன். தவறு என்னுடையது. படிக்கத் தெரியாதவர் கையில், எழுதி ஒட்டிய டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ரெனிதா


பருத்திப்பட்டு
11 மே 2025

மகளுக்கு,

இந்தக் கடிதம் மூன்று வாரமாக எழுதுகிறேன்.

கோவிந்தராஜ்தான் வந்து சொன்னார். "இன்னா அண்ணாத்தே, உன் பொண்ணு எங்க காலேஜுக்கே வருது, ஒரு வார்த்தை சொல்லல? பேனர்ல அது பேரோட உன் பேரும் கீது பா! நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன்" என்றார். மூக்குமேல் விரல் வைக்கட்டும் என்று உனக்குச் சொல்லாமல் வந்தேன். ஈஸ்டருக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அன்றைக்கே போட்டுக்கொண்டேன். வாசலில் பெயர் கேட்டார்கள். ரெனிதாவின் அப்பா என்றேன். நானே எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவை வாங்கினேன். பின்னால் நிற்கிறவர்கள் காத்திருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

தொலைந்துபோன டப்பா இரண்டையும் மேடைத் திரையில் சுவர் அளவுக்குப் படமாகப் பார்த்தேன். சிவப்பு மூடியில் தினமும். நீல மூடியில் ஞாயிறு மட்டும். நீ சொல்லுவதற்கு முன்பே படித்துவிட்டேன். அவ்வளவு வேகமாக நான் எதையும் படித்ததில்லை.

மறுநாள் குருத்து ஞாயிறு. பூசைத் தாளைக் கையில் கொடுத்தார்கள். முதல் வரியிலேயே அந்த 'ஞா'. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

உன்மேல் வருத்தம் உண்டு. அவள் போய் மூன்று வருடம், எத்தனை ஊர், எத்தனை பேர். எல்லோருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியாது. நான் அவள் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஊர் ஊராகப் பேசுகிறாள் என்று தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீ சொல்லுவதில் பாதிதான் இருக்கிறது. மீதி உனக்குத் தெரியாது.

நீ என்னிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போனாய். வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "நீலம் ஞாயிறு, சிவப்பு தினமும்ப்பா" என்றாய். நான் தலையாட்டினேன். நீ போன மறுநாள் காலையிலேயே எனக்குக் குழம்பிவிட்டது. பொன்னியம்மா அப்போது உள்ளே உட்கார்ந்து உன் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. "எதுல நைனா தினமும்னு போட்டுகீது? பட்ச்சி சொல்லு" என்றாள். கண்ணில் புரை இருந்ததால் உன் அம்மாவால் பார்க்க முடியவில்லை. போனில் உன்னைக் கேட்டிருக்கலாம். தெருவில் யாரிடமாவது காட்டியிருக்கலாம். நான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். டப்பாவைத் தூரமாக வைத்து, கிட்டத்தில் வைத்து, படிக்கிறவன்போல உதட்டை அசைத்தேன். "இதுதான்" என்றேன். நீலம்.

எனக்குப் படிக்க வராது என்று உன் அம்மாவுக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்தாள். பொன்னியம்மா எதிரில் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. கையை நீட்டினாள். நான் வைத்தேன்.

அவ்வளவுதான். நீ எழுதி ஒட்டியதில் தவறு இல்லை. இனி எந்த ஊரில் பேசினாலும் கண்ணாடியையும் சேர்த்துச் சொல். அப்பா என்று சொல்லி, பெயரையும் சொல். சாட்சி இல்லை என்று எழுதினாய். அது சாட்சிதான் அம்மா. சாட்சியை முழுதாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு இனிமேல் கடிதம் எழுதாதே. வந்தால் படிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வா என்று எழுத இப்போது முடியவில்லை. முடிந்தால் நானே போன் செய்கிறேன். வகுப்புக்கும் போகவில்லை. நீ அனுப்பிய புத்தகங்களை ஞானம்மாள் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். வயதான ஒரு அம்மா, மஞ்சள் பையோடு, "அண்ணே, இது பூந்தமல்லி போவுமா? கொஞ்சம் பட்ச்சி சொல்லேன்" என்று கேட்டாள். போர்டைப் பார்த்தேன். பூந்தமல்லி என்றுதான் போட்டிருந்தது.

"கண்ணாடி எடுத்தார மறந்துட்டேம்மா" என்றேன்.

அந்தப் பஸ் போய்விட்டது.

அப்பா