தேதி இல்லாத கையெழுத்து

ஜனவரி 9, திங்கள்

புது மேசைகள் வந்துவிட்டன. இழுப்பறை இல்லாத மேசைகள். நான்கு கால், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான். புது அரசாங்கம் வந்து ஆறு வாரம் ஆகிறது. ‘தூய நிர்வாகம்’ என்று சுவருக்குச் சுவர் எழுதியாயிற்று. இனி எவரும் எதையும் இழுப்பறைக்குள் தள்ளிவிட முடியாதாம். இதை யோசித்தவர் கண்டிப்பாக ஆண்பிள்ளைதான். சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, தலைவலி மாத்திரை, இன்னும் வெளியே வைக்க முடியாதவை எல்லாம் எங்கே போகும்? கடைபரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு இழுப்பறை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் மேடம் என்றார் தட்டச்சர். கட்டடப் பிரிவில் எனக்கு இருபத்தாறு வருஷம், அதில் ஒன்பது வருஷம் கண்காணிப்பாளர். மனு கொண்டுவந்த ஒருவரிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ‘நெருப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காதில் விழும்படி சொல்வார்கள். முன்பெல்லாம் கேட்டால் உள்ளுக்குள் குளிரும். இப்போது அதுவும் இல்லை.

ஓய்வுக்குப் பதினேழு மாதம்.

ஜனவரி 12, வியாழன்

காலையில் எல்லோரும் நின்று நேர்மை உறுதிமொழி எடுத்தோம். பெரிய இன்ஜினியர் வாசிக்க வாசிக்க நாங்கள் திருப்பிச் சொன்னோம். நல்ல கணீரென்ற குரல் அவருக்கு.

பழைய பதிவேடுகளையெல்லாம் கயிறு போட்டுக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். எந்தக் கோப்பு என்றைக்கு யாரிடம் வந்தது என்று கையால் எழுதிவைக்கிற பதிவேடு இனிக் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர். அதில் ஏறுகிற தேதிதான் தேதி. ஆனால் ஏற்றுவதற்கான கடவுச்சொல் பெரிய இன்ஜினியரிடம் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பிறகு தருவார்களாம்.

ஜனவரி 17, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

சந்தைக் கட்டடக் கோப்பு இன்று மேசைக்கு வந்தது. மாடித் தளம் பலவீனமாக இருக்கிறது, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது, உடனே மூட வேண்டும் என்று சின்ன இன்ஜினியர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். படங்களும் ஒட்டியிருக்கிறார். அந்த மாடியில்தான் அரசாங்கத்தின் நூறாவது நாளுக்கு மக்கள் குறைதீர் மையம் திறக்கப்போகிறார்கள். பெரிய இன்ஜினியரிடம் எடுத்துக்கொண்டு போனேன். கோப்பு வந்ததற்குக் கையெழுத்துப் போடுங்கள், தேதி மட்டும் வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். போட்டுக் கொடுத்தேன்.

குழாய்க்காரர் நாளைக்கு வருகிறாராம். நாளை என்றால் அடுத்த வாரம்.

ஜனவரி 30, திங்கள்

கால் வீக்கம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 6, திங்கள்

நூறாவது நாள். மந்திரி வந்து மையத்தைத் திறந்தார். படியில் வரிசை கீழ்த்தெரு வரைக்கும் நின்றது. நானும் மாடிக்குப் போய் வந்தேன். புதுப் பெயின்ட் வாசனை.

மார்ச் 14, செவ்வாய்

தளம் விழுந்துவிட்டது.

காலை பதினொன்றேகால். மாடியில் கூட்டம். அதற்கு நேர் கீழே சாவி செய்பவரின் கடை. அவரும், வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு மறுசாவி செய்ய வந்த ஒரு பெண்ணும். இரண்டு பேர். மாடியிலிருந்து விழுந்தவர்களுக்குக் கை கால் முறிவுதான்.

தட்டச்சர் ஓடிவந்து சொன்னபோது சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். கேட்டேன். பிறகு சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். எப்படி இறங்கியது?

மார்ச் 17, வெள்ளி

சின்ன இன்ஜினியரைத் தற்காலிக நீக்கம் செய்துவிட்டார்கள். மந்திரி பேட்டி கொடுத்திருக்கிறார், யாராக இருந்தாலும் விடமாட்டோம் என்று.

கம்ப்யூட்டரில் அவருடைய அறிக்கை ஏறிய நாள் மார்ச் 14, மாலை நான்கு மணி. அதாவது தளம் விழுந்த பிறகு, தப்பிப்பதற்காக அவசர அவசரமாக எழுதிச் செருகினார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோப்பைப் பார்த்தேன். என் கையெழுத்து. அதற்குக் கீழே 14.3. என் கை இல்லை அது. நான் மூன்றை அப்படிச் சுழிக்கமாட்டேன்.

இத்தனை வருஷத்தில் எத்தனை கையெழுத்து இப்படிப் போட்டிருப்பேன்? ஆயிரமா? எல்லோரும்தான் போடுவோம். கோப்பு தாமதமானால் மேலே இருப்பவருக்குக் கெட்ட பேர் வரக்கூடாதே என்று ஒரு மரியாதைக்குச் செய்வது. தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. நானும்தான் — நெருப்பு!

மார்ச் 20, திங்கள்

பெரிய இன்ஜினியர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதம் எனக்கு ஒருநாள்கூட லீவு மறுக்காத மனிதர். அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கேதான் ஞாபகம் வந்தது.

விசாரணையில் கேட்டால் கோப்பு எப்போது வந்தது என்று ஞாபகம் இல்லை என்று சொன்னால் போதும் என்றார். பிறகு மெதுவாக, “நான் தேதி போட்டேன்னா, நீங்க போடாம விட்டதாலதானே போட்டேன். யோசிச்சுக்கோங்க. இன்னும் பதினஞ்சு மாசம் இருக்கு உங்களுக்கு” என்றார்.

பயமுறுத்தல் மாதிரியே இல்லை. அக்கறை மாதிரிதான் இருந்தது.

மார்ச் 23, வியாழன்

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜனவரி 17. குழாயும் கோப்பும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பதிவேடு போய்விட்டது, கம்ப்யூட்டர் பொய் சொல்கிறது. அந்தக் கோப்பு என்றைக்கு வந்தது என்பதற்கு உலகத்திலேயே சாட்சி இந்த ஒரு நோட்டுதான்.

இதைக் கொடுத்தால் சின்ன இன்ஜினியர் தப்பிப்பார். நான் மாட்டுவேன். கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

மார்ச் 24, வெள்ளி

கொடுக்கவில்லை.

மார்ச் 27, திங்கள்

கேட்டால் சிரிப்பார்கள். என்னை அலுவலகத்தின் ‘நேர்மை முகம்’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எல்லா அலுவலகத்திலும் ஒருவரைப் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பூங்கொத்து கொடுத்தார்கள். புகைப்படம் எடுத்து நுழைவாயிலில் மாட்டிவிட்டார்கள். கண்ணாடியில் வெளிச்சம் அடித்து ஒரு கண் தெரியவில்லை.

மாலையில் அந்தப் படத்துக்குக் கீழேதான் சின்ன இன்ஜினியரின் மனைவி எனக்காக நின்றுகொண்டிருந்தாள். இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அக்கா, அவர் ஜனவரியிலயே எழுதிக் குடுத்தாரு. உங்க கையிலதான் குடுத்தேன்னு சொல்றாரு. உங்களுக்குத் தெரியும்தானே?”

“பதிவேட்டப் பாத்துத்தாம்மா சொல்லணும்” என்றேன்.

சரிக்கா என்று போய்விட்டாள். பதிவேடே இல்லை என்று அவளுக்குத் தெரியாது. என் வாய் எனக்கு முன்னால் போய் அதைச் சொல்லிவிட்டது. இருபத்தாறு வருஷமாக மனு கொண்டுவருகிறவர்களிடம் சொல்லிப் பழகிய வாய். சீ.

மார்ச் 29, புதன்

அவள் அழுதிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக முப்பது வருஷம் இருந்த மனிதர். ஒரு வண்டி இரண்டு நிமிஷம் தாமதம் என்றால் இரண்டு நிமிஷம் என்றுதான் எழுதுவார். டிரைவர்கள் வாயில் விழாத நாள் இல்லை.

பென்ஷன் போய்விடுமா என்று கேட்டார். நிறுத்திவைப்பார்கள், பிறகு தெரியாது என்றேன். என்னுடையது இருக்கிறதே, சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றார். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

“அப்போ அந்த நோட்டை ஆபீசருங்க எல்லாம் படிப்பாங்களா?”

படிப்பார்கள் என்றேன். இருபத்தெட்டு வருஷமாக நான் எழுதுவது அவருக்குத் தெரியும். ஒருநாளும் தொட்டதில்லை. அவர் அம்மாவைப் பற்றி, அவரைப் பற்றி, போன வருஷம் மழையில் ஒருநாள் எங்கேயாவது போய்விடலாமா என்று பஸ் நிலையத்தில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்ததைப் பற்றி — எல்லாம் இந்த நோட்டில்தான் இருக்கிறது. ஒன்றரை வருஷத்து நோட்டு.

அவர் முன்னால் வைத்தேன். யாரோ படிப்பதற்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள் என்றேன்.

அட்டையைத் தடவிப் பார்த்தார். தள்ளி வைத்தார். “வேணாம். படிச்சிட்டேன்னா அப்புறம் உன்கூட நான் சகஜமா பேச முடியாது.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேர் செத்ததற்கு வராதது, இதற்கு வருகிறது. என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 5, புதன்

இது புது நோட்டு. கோடு போட்டது. எனக்குக் கோடு பிடிக்காது.

பழைய நோட்டை எடுத்துக்கொண்டு விசாரணை ஆணையத்துக்குப் போனேன். நூறு நாள் பெருமையில் அமைத்த ஆணையம் அது. அலுவலகம் பளபளவென்றிருக்கிறது. கண்ணாடிச் சுவர். அங்கேயும் இழுப்பறை இல்லாத மேசைகள். விசாரணை அதிகாரிக்கு என் மகள் வயது இருக்கும். நோட்டை வாங்கி ஜனவரி 17-ஐப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, இதன் அர்த்தம் என்னவென்று தெரியும்தானே என்று கேட்டாள். தெரியும் என்றேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றாள். இல்லை, கேட்டார், கொடுத்தேன் என்றேன். வெறும் வாய்வார்த்தையாகத்தான் கேட்டாரா என்றாள். ஆமாம் என்றேன். இதைவிட எளிமையாக ஒரு குற்றத்தை எப்படிச் சொல்வது?

என் வாக்குமூலத்தை மூன்று பக்கமாக அச்செடுத்துக் கொண்டுவந்தார் அங்கிருந்த எழுத்தர். ஒவ்வொரு பக்கமும் படித்துக் கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்தில் தேதி போடப் போனபோது பணிவாகக் குனிந்து சொன்னார்:

“தேதி மட்டும் விட்டுடுங்க மேடம். நாங்க போட்டுக்கறோம்.”

கேலி இல்லை. அந்த மனிதருக்கு அது ஒரு விஷயமே இல்லை. அறிக்கை மேலே போகிற தேதியோடு ஒத்துப்போக வேண்டுமாம், இல்லையென்றால் ஏன் தாமதம் என்று கேள்வி வருமாம். அதிகாரி பக்கத்து அறையில் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

தேதி போட்டேன்.

முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. புதுப் பிரதி எடுத்துவந்தார். அதிலும் போட்டேன். மறுபடி எடுத்துவந்தார். மூன்றாவதிலும் போட்டேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் விட்டுவிட்டார். ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. கை வலித்தது.

ஏப்ரல் 11, செவ்வாய்

தற்காலிக நீக்க உத்தரவு வந்தது. தட்டச்சரே கொண்டுவந்து கொடுத்தார், கண்ணைப் பார்க்காமல். நுழைவாயிலில் இருந்த என் படத்தைக் கழற்றிவிட்டார்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை, ஏணி கிடைக்கவில்லை என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மே 8, திங்கள்

வீட்டில் இருப்பது பழகிவிட்டது. பத்து மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் தேடுகிறேன்.

ஜூன் 20, செவ்வாய்

மாலை நான்கு மணிக்குச் சின்ன இன்ஜினியர் வந்தார். தலை நரைத்துவிட்டது. இவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேலையில் திரும்பச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறதாம். பெரிய இன்ஜினியர் நீண்ட மருத்துவ விடுப்பில் போயிருக்கிறாராம், அவர்மேல் நடவடிக்கை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாதாம். குறைதீர் மையத்தை வேறு கட்டடத்தில் மறுபடி திறந்துவிட்டார்களாம், அதே மந்திரி. சாவிக்காரரின் மகன் அங்கேயே மனு எழுதிக் கொடுத்திருக்கிறானாம். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். ஒளிப்பானேன்.

டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒன்று கேட்க வேண்டும் என்று வந்தேன் என்றார்.

“அன்னிக்கு அவர் தேதி போடாதீங்கன்னு சொன்னப்போ, உங்களுக்கு என்ன தோணுச்சு மேடம்?”

நல்லதாக ஒரு பதில் தேடினேன். பயம் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களைச் சொல்லியிருக்கலாம். மனம் உறுத்தியது, ஆனாலும் போட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். எனக்கும்.

“ஒண்ணும் தோணல” என்றேன்.

தலையாட்டினார். தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, போய்விட்டார். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.