முதல் வாய்ச் சோறு

என்னங்க,

தையல் பிரித்துவிட்டார்கள் என்று உங்கள் தங்கை போனில் சொன்னாள். நல்லது. கொஞ்ச நாளைக்குக் காரம் வேண்டாம். குழைவான ரசம் சாதம் போதும்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்கள். நானும் அத்தையும்தான் நின்றிருந்தோம். "சிறுகுடல்ல சின்னப் பை மாதிரி ஒண்ணு இருந்துச்சும்மா. பொறக்கும்போதே வந்தது. அதைச் சுத்தித்தான் குடல் முறுக்கிக்கிச்சு. இத்தன வருஷ வலியும் அதாலதான்" என்றார்.

"அப்ப சோத்துல யாரும் மருந்து வெக்கலீங்களா?" என்று அத்தை கேட்டார்.

டாக்டருக்குப் புரியவில்லை.

உங்களை வசப்படுத்த நான் சோற்றில் மருந்து வைத்திருப்பதாக, செங்கத்தில் வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிறவர் சொன்னார். உங்களை வாந்தி எடுக்க வைத்து அனுப்பினார். அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டை என் பக்கம் தள்ளுவீர்கள். "நீ ஒரு வாய் துன்னு" என்பீர்கள். நான் விழுங்கும்வரை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வலி மட்டும் நிற்கவில்லை.

"தப்பா நெனச்சுட்டோம், வந்துடச் சொல்லு" என்று அத்தை உங்கள் தங்கையிடம் சொன்னாராம். அத்தைமேல் எனக்குக் கோபமில்லை. தட்டைத் தள்ளியது அவரில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன அன்றே, நான் அங்கே வராமல் ரமணாசிரமம் பக்கம் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பௌர்ணமி என்றால் கூட்டம் ஜாஸ்தி. எந்த ஊரோ, என்ன பாஷையோ, யார் சமைத்தது என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்படிக்கு,
நான்