வெர்னா வீட்டுப் பூட்டு

மார்ச் 9, 2014

அன்பு ஜோலீன்,

நீ பாலைவனத்தில் வெயில் காய்கிறாய். நான் இன்னும் வாசலில் பனி அள்ளுகிறேன்.

நம் ஊர்ப் போலீஸ் கிடங்கில் ஆயிரக்கணக்கில் தடயப் பெட்டிகள் கிடக்கின்றனவாம். எல்லாம் என்னைப் போலக் கெடுக்கப்பட்ட பெண்களின் உடம்பிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்தவை. ஒன்றையும் லேபுக்கு அனுப்பவில்லை. என்னுடையதும் பத்தொன்பது வருடமாய் அங்கேதான் கிடக்கிறது.

நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். ஓர் உறுப்பினர், "நாங்களும் ரொம்ப வருத்தப்படுறோம்மா" என்றார். "வருத்தம் எங்க வீட்லயே நெறைய கெடக்கு, பெட்டியப் பிரிங்கய்யா!" என்று கத்திவிட்டேன். கடைசியில் அத்தனையையும் சோதிக்கத் தீர்மானம் போட்டார்கள்.

அன்று குளிக்க ஓடிய என்னைப் பிடித்து நிறுத்தி, "குளிக்காதடி, அவன் மாட்டணும்" என்று ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனவள் நீ. அந்தப் பெட்டி இருப்பதே உன்னால்தான்.

உன் வெர்னா


மார்ச் 21, 2014

அடி வெர்னா,

படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன். அவன் பெயர் மட்டும் வரட்டும். விமானம் ஏறி வந்து கோர்ட்டில் முன்வரிசையில் உட்காருகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அங்கே அம்மாதான் தம்பி டுவைட்டை நினைத்துப் புலம்புகிறாள். போன வருடம் குடித்துவிட்டு ஒருவன் மண்டையை உடைத்தானே, இப்போது வெளியே வந்துவிட்டான். சிறையில் வாய்க்குள் பஞ்சைவிட்டு எச்சில் எடுத்தார்களாம், அதற்கு ஒரு மூச்சு திட்டித் தீர்த்தான். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். நீ சீக்கிரம் பதில் போடுவதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. உடனே எழுது.

ஜோலீன்


அக்டோபர் 2, 2014

ஜோலீன்,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று சாதாரண உடுப்பில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி போலீஸ், இன்னொருத்தி துணைக்கு வந்தவள். "தெரிஞ்சுக்க வேணாம்னா இப்பவே போயிடுறோம், முடிவு உங்களோடது" என்றார்கள். சொல்லுங்கள் என்றேன்.

டுவைட். சிறையில் எடுத்த அந்த எச்சில் என் பெட்டியில் இருந்ததோடு பொருந்திவிட்டதாம்.

அவன் பின்னாலிருந்து முகத்தில் துணியைப் போட்டு அழுத்தினான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. மறுவாரம் நான் பயந்து நடுங்கியபோது, என் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுக் கொடுத்தவன் யார்? இன்றைக்கும் அதே பூட்டுதான்.

நான் வழக்கை விட மாட்டேன். நீ கேட்டாலும்.

வெர்னா


டிசம்பர் 14, 2014

வெர்னா,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். "அவன் உன் ரத்தம்டி, அவ யாரு உனக்கு?" என்று அம்மா கேட்டாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை.

அரசு வழக்கறிஞர் கூப்பிட்டார். அன்று உன்னைக் குளிக்கவிடாமல் கூட்டிப்போனது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். கோர்ட்டிலும் அதையே சொல்வேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் என் தம்பி செய்ததுதான் தெரியும். தாங்க மாட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் வராதே. இனி எழுதவும் வேண்டாம்.

ஒன்று மட்டும். போலீஸ் அவனைக் கொண்டுபோன பிறகு அவன் அறையை ஒழித்தேன். மேசை இழுப்பறையில் ஒரு சாவி இருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நீ எனக்குக் கொடுத்த உன் வாசல் சாவியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல் ஒன்று. வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டேன்.

பூட்டை இன்றே மாற்று.

ஜோலீன்