லொறி ட்ரைவர் என்று சொன்ன பொய்

மார்ச் 3, செவ்வாய்

மூடுபனி. ஆற்றைக்கூடக் காணவில்லை. முதியோர் இல்லக் குசினியில் காலை ஆறு முதல் இரண்டு வரை. உருளைக்கிழங்கு, கரட், மறுபடியும் உருளைக்கிழங்கு.

மூன்றரைக்கு மனநல டொக்டர். வழமைபோல மூன்று கதிரை. அவர், நான், மொழிபெயர்க்கும் பிள்ளை தாரணி. நல்ல செய்தி இல்லை. என்னைப் பற்றிய வருட அறிக்கை 13ஆம் திகதிக்குள் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் கன்ரோன், இங்கத்தைய மாநில அரசாங்கம், இன்னொரு வருடத்துக்குக் காசு விடுமா என்று முடிவு. சிகிச்சைக்கும் தாரணிக்கும் சேர்த்து. "முன்னேற்றம் எண்டு எழுத என்னட்ட ஒண்டும் இல்லை" என்று அவர் சொன்னதைத் தாரணி தமிழில் சொன்னாள். காசு நின்றால் சிகிச்சை நிற்கும். பிறகு ஒத்திவைத்த பத்து மாதச் சிறைதான்.

எல்லாம் முன்னொரு ஓகஸ்ட் முதலாம் திகதியால் வந்தது. இந்த நாட்டின் தேசிய தினம். மேல்வீட்டுக்காரன் பல்கனியில் வெடி கொளுத்தினான். நான் குடிவெறியில். ஏறிப் போய் அடித்து அவன் தாடையை உடைத்தேன். நீதிபதி, சிறைக்குப் பதில் சிகிச்சை என்றார். வெடிச் சத்தத்துக்கு ஏன் அப்படி என்று டொக்டர் ஒரு வருடமாகக் கேட்கிறார். ஊரில் போர்க்காலத்தில் லொறி ஓட்டினேன், ஷெல் விழுந்ததைத் தூரத்தில் கண்டேன் என்று நானும் ஒரு வருடமாகச் சொல்கிறேன்.

உண்மையில் இயக்கத்தில் போராளியாகப் பதினொரு வருடம். அகதி விசாரணையில் அதைச் சொல்லாதே என்றார்கள், முன்னமே வந்தவர்கள் எல்லாரும். லொறி ட்ரைவர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மார்ச் 4, புதன்

பனி விலகவில்லை. வாங்க: பருப்பு, செத்தல் மிளகாய், மனைவி வசந்தியின் முழங்காலுக்குத் தைலம்.

நேற்று டொக்டர் சொன்னதில் எழுத விட்டது ஒன்று. அமெரிக்காவில் பழைய இராணுவத்தினருக்கென்றே தனிக் கோர்ட் உண்டாம். குடி, அடிதடி என்று வந்தால் சிகிச்சை. நீதிபதி அடிக்கடி கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்பாராம். பக்கத்தில் துணைக்கு இன்னொரு பழைய சோல்ஜர். அரசாங்கக் காசு. பலர் திருந்துகிறார்களாம். திருந்தக்கூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள் என்றும் குறை சொல்கிறார்களாம். இதைச் சொல்லிவிட்டு டொக்டர் என் முகத்தையே பார்த்தார். மனுஷன் எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு விளங்காதா?

அங்கே முதலில் கேட்பது படையில் இருந்ததற்குச் சாட்சி. என்னிடம் அது முதுகு நிறையத் தழும்பாக இருக்கிறது. காட்டினால் இங்கே இருக்கிற வதிவிட பேர்மிட் போய்விடுமோ என்று சட்டை கழற்றாமல் இருக்கிறேன். அவர்களுக்கு உதவி தருகிற அதே விஷயம் எனக்கு வினை. எரிச்சலாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வெயில். பின்னேரம் வசந்தியோடு திரிம்பாக்கில் எங்கள் தமிழ்க் கோயில்.

தாரணி தாயோடு நின்றாள். நான் தூணுக்குப் பின்னால்.

"ஆருக்கு ஒளிக்கிறியள்?" வசந்தி.

"ஒருத்தருக்கும் இல்லை."

"அங்க டொக்டரிட்டயும் கண்டதைக் கதைக்காதேங்கோ. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது."

நான் பயந்ததும் அதற்குத்தான், தாரணி வாயால் ஊருக்குப் போய்விடுமோ என்று. செருப்பு எடுக்கும் இடத்தில் நேருக்கு நேர். தாரணி என்னைத் தாண்டிப் போனாள், கண் அசையவில்லை. தாய் கேட்டது காதில் விழுந்தது. "ஆரடி பிள்ளை அது, உன்னைப் பாக்கிறார்?"

"தெரியாதம்மா."

ஒரு வருடம் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்த பிள்ளை. கோயில் வாசலில், பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மழை. வேலையில் விரலை வெட்டிக்கொண்டேன். சின்னக் காயம்.

கதிரையில் இருந்த உடனேயே சொன்னேன். "நான் லொறி ஓடேல்லை."

தாரணி பேனையை வைத்தாள். பிறகு நான் சொல்லச் சொல்ல ஜேர்மனில் சொன்னாள். மொழிபெயர்ப்பவர்கள் "அவர்" என்று சொல்வதில்லை, "நான்" என்றுதான் சொல்வார்கள். வேலை முறை அது. நான் பதினொரு வருடம் இயக்கத்தில் இருந்தேன். நான் சுட்டேன். போரின் கடைசிக் கிழமை, காயப்பட்ட இரண்டு பேரைப் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினேன். அவர்கள் கூப்பிட்டது கேட்டது. இங்கே பிறந்த பிள்ளை, என் பாவத்தைத் தன் வாயால் "நான்" என்று சொன்னாள். வெட்கமாக இருந்தது. அழுதேன். பாரமும் கொஞ்சம் குறைந்தது.

டொக்டர் கேட்டார், இதை அறிக்கையில் எழுதலாமா என்று. எழுதினால் காசு கிடைக்க இடமுண்டு. பேர்மிட்டுக்கு என்ன வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது. வக்கீலைக் கேளுங்கள், வியாழன் வந்து முடிவு சொல்லுங்கள் என்றார்.

"எழுதுங்கோ" என்றேன். வியாழனும் வருகிறேன் என்றேன்.

வீட்டில் வசந்தி புட்டு அவித்துக்கொண்டு நின்றாள். சொன்னேன். அடுப்பை நிறுத்தினாள்.

"என்ர விசாரணையிலயும் புருசன் லொறி ட்ரைவர் எண்டுதானே சொல்லிக் கையெழுத்து வைச்சனான்."

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதை யோசிக்கவில்லை நான். என்னுடைய பொய் என்று மட்டும் நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்றேன். புட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுத் தந்தாள். தான் சாப்பிடவில்லை.

அடுப்படியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "வியாழன் எத்தனை மணிக்கு?"

"மூண்டரைக்கு."

"நானும் வாறன். வேலையில லீவு கேக்கவேணும்."