முப்பது நாளில் முடியும் ஆணை

வில்லோ பெண்ட்,
ஜனவரி 24, 2021

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் உன் அண்ணி மாவிஸ் நலமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். தொற்று வந்ததும் ஆளுநர் போட்ட அவசர ஆணையால் போன மார்ச்சிலிருந்து நான் அவளைத் தொட்டதில்லை. தினமும் மத்தியானம் வெளியே நின்று கண்ணாடி வழியாகக் கையசைக்கிறேன். அவளும் அசைக்கிறாள். ஆற்றிலிருந்து மூடுபனி ஏறினால் இருவரும் மெல்லக் கரைந்துபோகிறோம்.

ஆணையை அவரே மாதாமாதம் நீட்டிக்கொண்டே போகிறார். முப்பது நாளுக்கு மேல் நீட்டச் சட்டசபை சம்மதிக்க வேண்டும் என்ற மசோதாவுக்கு, சபை உறுப்பினரான நீயே எதிராக ஓட்டுப் போட்டதைப் பேப்பரில் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

உன் அண்ணன்
கிளேடன்

தலைநகர்,
பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் போன வசந்தத்தில் என் தொகுதியில் ஓர் இல்லமே பாதி காலியானது. கதவைச் சாத்தியிராவிட்டால் அண்ணி இன்று இருந்திருப்பாளா? ஆளுநர் எங்கள் கட்சி என்பதற்காக மட்டும் போட்ட ஓட்டில்லை அது.

சபையில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். அவரை மீறி நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்; ஒரே ஓட்டு குறைகிறது. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். "நீ மாறினேன்னா உன் சுகாதாரக் குழுத் தலைமை போயிடும், பாத்துக்கோ லோர்னா" என்றார் எங்கள் கட்சித் தலைவர்.

நேற்று ஒரு கனவு. சபைக்குள் சத்தமில்லாமல் பனி பெய்கிறது. யாரும் எழவில்லை. ஓட்டு விளக்குகள் தண்ணீருக்கடியில் எரிவதுபோல் சிவப்பும் பச்சையுமாக மினுங்குகின்றன. என் கை மட்டும் பொத்தானை எட்டவில்லை.

லோர்னா

தலைநகர்,
பிப்ரவரி 19

அண்ணா,

மாற்றிப் போட்டுவிட்டேன். "அன்னிக்குக் கதவைச் சாத்தினது சரி. எப்போ திறக்கணும்னு ஒரே ஆள் முடிவு பண்ணிட்டே இருக்கறது சரியில்ல" என்று எழுந்து சொன்னேன். உட்காரும்போது பக்கத்தில் இருந்தவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பதவி போய்விட்டது.

ஆணையை நீட்ட இனி நாங்கள் ஓட்டுப் போட வேண்டும். இல்லங்களுக்கான பகுதியை நீட்ட யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் உன்னை உள்ளே விடுவார்கள். அண்ணியின் கையை எனக்காகவும் பிடித்துக்கொள்.

லோர்னா

வில்லோ பெண்ட்,
மார்ச் 7

என் லோர்னா,

உள்ளே போனேன். கையைப் பிடித்தேன். வெதுவெதுப்பாக, மாவு பிசைந்த கைபோல இருந்தது. விடாமல் வைத்திருந்தாள். பிறகு மரியாதையாகச் சொன்னாள்: "நீங்க யாருன்னு தெரியல. நல்லவரா இருக்கீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வர்ற நேரம்."

முகக்கவசத்தை இறக்கினேன். நர்ஸ் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். மாவிஸ் என்னைத் தாண்டி வெளியேதான் பார்த்தாள்.

கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றேன். அவள் முகம் மலர்ந்ததே, லோர்னா, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. ஏதோ சொல்லச் சந்தோஷமாகப் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கம் திரும்பினாள். அங்கே யாருமில்லை.

உன் ஓட்டு வீண் என்று மட்டும் நினைத்துவிடாதே. இப்போது காலையில் உள்ளே உட்கார்ந்து சூப் ஊட்டுகிறேன், அவளுக்குப் பழக்கமான யாரோ ஒருவனாக. மத்தியானம் வெளியே வந்து அவள் புருஷனாகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. நான் வெளியே நிற்கும்போது, "அதோ பாருங்க, வந்துட்டார்" என்று அவள் சொல்வதைக் கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

உன் அண்ணன்
கிளேடன்